அறிவியல் நாவலின் அத்தியாயங்களுக்குப் பெயர் வைப்பது எப்படி: அட்டையிலிருந்து பொருளடக்கம் வரை

அத்தியாயத் தலைப்பை வாசகர் இரண்டு முறை படிக்கிறார். உள்ளே நுழையும்போது ஒரு முறை. முடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும்போது, மனசுக்குள் இன்னொரு முறை. இந்த இரண்டுக்கும் நடுவில் தலைப்பின் பொருள் கொஞ்சமாவது நகர்ந்திருக்க வேண்டும். நகராத தலைப்பு வெறும் பெயர்ப்பலகை.

அறிவியல் புனைவில் கண்டுபிடிப்பே கதை என்பதால் கூடுதலாக ஓர் ஆபத்தும் உண்டு. தலைப்பில் ஒரு சொல் தவறி விழுந்தால் நூறு பக்கம் கட்டிய புதிர் பொருளடக்கத்திலேயே உடைந்துபோகும். புதிதாக எழுதுவோர் தடுக்கிவிழுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேலையின் வரிசை பிசகுவதுதான். அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

விளக்கத்துக்கு ஒரு மாதிரி நாவலை வைத்துக்கொள்வோம். 24 அத்தியாயங்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை ரேடியோ தொலைநோக்கியில் கருவிகளைப் பராமரிக்கும் மாதி, இரைச்சலுக்குள் ஒரு மெல்லிய துடிப்பைக் கவனிக்கிறாள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழைய படத்தகடுகளை ஸ்கேன் செய்யும் பால்ராஜ், அதே தாளத்தை அங்கே பார்க்கிறான். துடிப்பு வருவது மண்ணிலிருந்து என்பது 9ஆம் அத்தியாயத்தில் தெரிகிறது. 2030இல் பூக்கவேண்டிய குறிஞ்சி அதற்குப் பதில் சொல்கிறது என்பது 21இல். இடமும் கருவிகளும் உண்மை, மற்றதெல்லாம் கற்பனை.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

முதல் வரைவு முழுதாக முடிந்திருக்க வேண்டும். தலைப்பை முதலில் வைத்துவிட்டு எழுதினால், அத்தியாயம் தலைப்பை நியாயப்படுத்தப் பாடுபடும். கதாபாத்திரம் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. வாரத்தொடராக எழுதுவோருக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் குறைந்தது நான்கு அத்தியாயங்களாவது முன்னே எழுதி வைத்துக்கொண்டு, அந்த நான்குக்குச் சேர்த்துப் பெயர் வைக்கலாம்.

அத்தியாயத்துக்கு ஓர் அட்டை. ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் போதும், 24 அத்தியாயத்துக்கு ஆறு தாள். கணினியில் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் பிற்பாடு எல்லாவற்றையும் மேசைமீது பரப்பிக் கலைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத் தாள்தான் சௌகரியம்.

தமிழ்வழிப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், தாவரவியல் பாடநூல்கள். எதற்கு என்பது 7ஆம் பகுதியில்.

நேரக் கணக்கு: மூன்று அமர்வு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ஒரே மூச்சில் வைத்த 24 தலைப்பும் ஒரே வார்ப்பில்தான் வந்து விழும்.

2. தலைப்பு வேண்டுமா, எண் போதுமா

அத்தியாயங்கள் ஆயிரம் சொல்லுக்குள் ஓடுகிற விறுவிறுப்புக் கதையா? எண் போதும். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தலைப்பு வந்தால் ஓட்டம் தடைப்படும். இரண்டு காலம், இரண்டு ஊர், மூன்று கதைசொல்லி என்று நாவல் பிரிந்து ஓடினால் தலைப்பு வேண்டும். பாதியில் விட்டுவிட்டு மறுநாள் எடுக்கும் வாசகருக்கு அதுதான் கைப்பிடி. சில அத்தியாயங்களுக்கு மட்டும் தலைப்பு வைப்பதைத் தவிருங்கள், அச்சுப்பிழை போலத் தெரியும்.

3. அட்டையில் மூன்றே வரி

முதல் வரி, மாற்றம்: அத்தியாயத்தின் தொடக்கத்தில் இல்லாத எது முடிவில் இருக்கிறது? “மாதி துடிப்பைச் சந்தேகிக்கிறாள்” என்பது மாற்றம். “மாதி ஆய்வகத்துக்குப் போகிறாள்” என்பது வெறும் போக்குவரத்து.

இரண்டாம் வரி, பொருள்: அத்தியாயத்தில் யாராவது கையால் தொட்ட ஏதாவது ஒன்று. கேபிள், படத்தகடு, ஃபிளாஸ்க், உறைபனி படிந்த ஜன்னல் கண்ணாடி.

மூன்றாம் வரி, பேச்சு: அத்தியாயத்துக்குள் யாரோ சொன்ன ஒரு வாக்கியம், சொன்னபடியே.

முதல் வரியை எழுத முடியவில்லை என்றால் கோளாறு அத்தியாயத்தில் இருக்கிறது. அதற்குத் தலைப்பு தேடாதீர்கள், பக்கத்து அத்தியாயத்தோடு சேர்க்க முடியுமா என்று பாருங்கள். 24 அட்டையில் இரண்டு மூன்று இப்படி அகப்படுவது சகஜம்.

4. கசிவுப் பட்டியல்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நாவலின் ரகசியங்களைத் தனித்தாளில் எழுதி, எந்த அத்தியாயத்தில் உடைகிறது என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். அந்த அத்தியாயம் வரை, அதையும் சேர்த்து, எந்தத் தலைப்பிலும் வரக்கூடாத சொற்களை அதற்கு எதிரே எழுதுங்கள்.

மாதிரி நாவலில்: துடிப்பு மண்ணிலிருந்து வருகிறது (9) என்பதற்கு எதிரே மண், வேர், நிலம், அடியில். பழைய தகடுகளிலும் அது இருக்கிறது (14) என்பதற்கு எதிரே நூற்றாண்டு, முன்பே, பழைய. குறிஞ்சி பதில் சொல்கிறது (21) என்பதற்கு எதிரே பூ, குறிஞ்சி, நீலம், பதில், பன்னிரண்டு.

உடையும் அத்தியாயத்தையும் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாசகர் ரகசியத்தைச் சந்திக்கும் முன்பே அந்த அத்தியாயத்தின் தலைப்பைத் தாண்டித்தான் வருகிறார். “மண்ணின் குரல்” என்று 9க்குப் பெயர் வைத்தால், பன்னிரண்டு பக்கம் கழித்து மாதி அதிரும்போது வாசகர் கொட்டாவி விடுவார்.

விலக்கு ஒன்று உண்டு. விலக்கப்பட்ட சொல்லை வேறொரு பொருளின் போர்வையில் முன்கூட்டியே நட்டுவைக்கலாம். குறிஞ்சி பூப்பது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கொடைக்கானலில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. நீலகிரி மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதையில் ஏறும்போது, அதிகபட்ச ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று. 5ஆம் அத்தியாயத்தில் மாதி அந்த ரயிலில் ஊருக்குத் திரும்புகிறாள். தலைப்பு: “பன்னிரண்டுக்கு ஒன்று”. அங்கே அது ஏற்றக் கணக்கு. 21க்கு வந்ததும் பொருளடக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் வாசகருக்கு அது வேறு கணக்கு.

5. சொல் சேகரிப்பு: முதல், கரு, உரி

எங்கே தேடுவது என்று தெரியாமல் பலர் “காலம்”, “எல்லை”, “நிழல்” பக்கம் ஒதுங்குகிறார்கள். அகப்பாடல் படித்தவர் கையில் ஏற்கெனவே ஒரு சல்லடை இருக்கிறது. தாளை மூன்று பத்தியாகப் பிரித்து முதல், கரு, உரி என்று எழுதுங்கள்.

முதல் என்பது இடமும் பொழுதும். நீலகிரியில் குளிர்காலம் ஒரே பனியாக வருவதில்லை. முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. தலைக்குந்தா புல்வெளியில் விடிகாலையில் வெள்ளை விரித்தாற்போல் கிடப்பது இரண்டாவது. சமவெளியில் சோலை என்றால் நந்தவனம், மலையிலோ பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் காடு. படகர் ஊர் ஹட்டி, தோடர் குடியிருப்பு மந்து. கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண். இந்தச் சொற்கள் உள்ளூரில் தினசரிப் புழக்கம், வெளியூர் வாசகருக்குப் புதுசு. தலைப்புக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைப்பது அரிது.

கரு என்பது அங்கே இருக்கும் உயிரும் பொருளும். வரையாடு, கொழுந்து, கற்பூர மரம், மலைப்பூண்டு. அறிவியல் புனைவில் கருவிகளும் கருப்பொருள்தான், அவற்றின் அளவுகளைத் துல்லியமாக எழுதிக்கொள்ளுங்கள். முத்தோரைத் தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 சட்டங்கள். 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. நிற்கும் மலைச்சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் சுழன்றே ஒரு வானப் பொருளை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் பின்தொடர முடியும்.

உரி என்பது உணர்ச்சி. இந்தப் பத்தியில் எழுதுவதைத் தலைப்பில் வைக்கவே வேண்டாம். காத்திருப்பு, அச்சம், பிரிவு என்று எழுதிவைத்து, முதல், கரு பத்திகளில் எந்தச் சொல் அதைச் சுமக்கும் என்று கோடு போட்டு இணையுங்கள். உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைத்த தலைப்புகளை எடுத்துப் பாருங்கள், பத்தில் ஒன்பது தட்டையாகக் கிடக்கும்.

6. அத்தியாயத்துக்கு ஐந்து, ஒன்றை நெருங்கிப் பார்ப்போம்

ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் ஐந்து தலைப்பு எழுதுங்கள். முதல் இரண்டும் எல்லோருக்கும் தோன்றுபவை. மூன்றாவதில் மூளை முரண்டு பிடிக்கும். உருப்படியானது நான்காவதிலோ ஐந்தாவதிலோதான் வரும்.

9ஆம் அத்தியாயத்தின் அட்டை: மாற்றம், “துடிப்பு வானத்தில் இல்லை.” பொருள், மேற்கு எல்லையில் வந்து நின்றுவிட்ட தொலைநோக்கி. பேச்சு, “அப்புறமும் கேக்குதுங்க சார்.”

“மண்ணின் குரல்”: கசிவு, நீக்கம். “அதிர்ச்சி”: நாளிதழ்ச் சுவரொட்டி, எந்த அத்தியாயத்துக்கும் பொருந்தும் என்பதால் எதற்கும் பொருந்தாது. “326.5”: பார்க்க மிடுக்காக இருக்கிறது, ஆனால் இந்த அத்தியாயத்தில் அந்த எண்ணுக்கு எந்த வேலையும் இல்லை. வேண்டுமானால் 1க்கு வைக்கலாம். “அப்புறமும் கேக்குதுங்க”: நல்ல தலைப்பு, பேச்சின் சூடு இருக்கிறது. ஆனால் கேட்கக்கூடாத ஒன்று கேட்கிறது என்று பாதியைச் சொல்லிவிடுகிறது. “ஒன்பதரை மணி நேரம்”: இதுதான்.

ஏன் இது? உள்ளே நுழையும் வாசகருக்கு இது ஒரு பணிநேரம், மாதியின் ராத்திரி ஷிப்ட் என்றுகூட நினைப்பார். அத்தியாயத்தில் தொலைநோக்கி கிழக்கிலிருந்து மேற்கே சுழன்று எல்லையைத் தொடுகிறது. வானத்துப் பொருளாக இருந்தால் அதற்குமேல் பார்வையை விட்டு விலக வேண்டும். துடிப்பு விலகவில்லை. அத்தியாயம் முடியும்போது ஒன்பதரை மணி என்பது ஒரு வரம்பு. அந்த வரம்பைத் தாண்டி வந்ததுதான் கதையே. தலைப்பு எதையும் சொல்லவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை.

7. கலைச்சொல்லின் இரண்டாம் பொருள்

பாடநூல்கள் இங்கேதான் தேவைப்படும். தமிழ்க் கலைச்சொற்கள் பெரும்பாலும் புழக்கச் சொற்களைச் சேர்த்துக் கட்டியவை. கட்டைப் பிரித்தால் கதை கிடைக்கும்.

இடமாறு தோற்றப்பிழை: பார்ப்பவர் இடம் மாறினால் பொருள் இடம் மாறியதுபோலத் தோன்றுவது. ஒரே சம்பவத்தை மாதியும் பால்ராஜும் வெவ்வேறாகச் சொல்லும் அத்தியாயத்துக்கு அப்படியே வைக்கலாம். அரை ஆயுள்: கதிரியக்கத்தில் ஓர் அளவு, நடுவயதுக்காரர் வாழ்க்கையில் வேறோர் அளவு. சேய்மை நிலை, அண்மை நிலை: சூரியனைச் சுற்றும் கோளுக்கு மட்டும் உரியவையா என்ன?

உள்ளுறை வெப்பம் எனக்குத் தனிப்பட்ட விருப்பம். பனிக்கட்டி உருகும்போது வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும், வெப்பமானி மட்டும் அசையாது. அடிமேல் அடி வாங்கியும் முகத்தில் ஒன்றும் காட்டாத ஒருத்தியின் அத்தியாயத்துக்கு இதைவிடச் சரியான பெயர் கிடைக்காது. அதோடு, அகப்பாடலில் உள்ளுறை என்றால் சொல்லுக்குள் ஒளித்துவைத்த பொருள் என்று தெரிந்த வாசகருக்கு ஒரு சிரிப்பும் மிச்சம்.

ஒரே நிபந்தனை: தலைப்பில் வைத்த கலைச்சொல்லின் அறிவியல் பொருள் அந்த அத்தியாயத்துக்குள்ளேயே, பாடம் நடத்தாமல், விளங்கிவிட வேண்டும். விளங்காவிட்டால் தலைப்பு பந்தா. ஒரு நாவலுக்கு நான்கைந்து போதும். 24இலும் கலைச்சொல் என்றால் பாடநூல் பொருளடக்கம்தான்.

நீங்களே உருவாக்கிய கோள், கருவி, இனம் ஆகியவற்றின் பெயரை முதல் மூன்று அத்தியாயத் தலைப்பில் வைக்காதீர்கள். அறியாத சொல்லுக்கு வாசகர் மனத்தில் இன்னும் கொக்கி இல்லை. “மிஷன்”, “ஆபரேஷன்”, “ப்ராஜெக்ட்” போட்டு ஒரு கிரேக்க எழுத்தைச் சேர்ப்பதும் வேண்டாம். அது எந்த ஊர்க் கதை என்று யாருக்கும் தெரியாது.

8. சொற்கட்டும் ஒற்றும்

இரண்டு முதல் நான்கு சொல் போதும். அதற்குமேல் போனால் அது வாக்கியமாக இருக்கட்டும்: “மஞ்சூர் பஸ் இன்னும் வரவில்லை”.

புதியவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் வார்ப்பு, “மௌனத்தின் விளிம்பில்”, “காலத்தின் சுவடுகள்”. இரண்டு அருவச் சொல், நடுவில் ஒரு வேற்றுமை உருபு. கேட்க இனிமை, பிடிக்க ஒன்றுமில்லை. இரண்டில் ஒன்றையாவது தொடக்கூடிய பொருளாக மாற்றுங்கள். “மௌனத்தின் விளிம்பில்” என்று தோன்றினால் அட்டையின் இரண்டாம் வரியைப் பாருங்கள். அங்கே ஒரு ஹெட்ஃபோன் இருக்கும்.

நல்ல தொடரை அத்தியாயத்துக்குள்ளிருந்தே வெட்டியெடுப்பது பழைய வழி, நல்ல வழி. பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் அந்தப் பாட்டுக்குள் வரும் தொடர்தான்: பூத்த நெய்தல், துயிலின் பாயல். உங்கள் அத்தியாயத்தைச் சத்தமாகப் படியுங்கள். எங்கே குரல் தானாக மெதுவாகிறதோ அங்கே கோடிடுங்கள். அத்தியாயத்தின் முதல் பத்தியில் இருக்கும் தொடரை எடுக்காதீர்கள். அரைப் பக்கத்துக்குள் தலைப்பு மறுபடி வந்தால் எதிரொலி போல உறுத்தும்.

காலத்தோடு விளையாடும் கதைக்கு வினைத்தொகையைப் போல உதவுவது வேறில்லை. உறைபனி என்றால் உறைந்த பனி, உறைகின்ற பனி, உறையும் பனி, மூன்றும். எரிகல், விழுகல், மீள்துடிப்பு: முக்காலமும் ஒரே சொல்லில் மறைந்து நிற்கிறது. காலப்பயண அத்தியாயத்துக்கு வேறென்ன வேண்டும்?

அங்கே ஒற்றுப் போடாதீர்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, “உறைப்பனி” பிழை. நீரால் ஆன பனி என்பதால் “நீர்ப்பனி”யில் மிகும். உள்ளே ஆயிரம் பக்கத்தில் ஒற்றுப்பிழை இருந்தால் மன்னிக்கும் வாசகர்கூட, பெரிய எழுத்தில் தலைப்பில் பார்த்தால் புத்தகத்தை மூடிவிடுவார்.

9. தேதி, இடம், எண்

இரண்டு காலத்தில் ஓடும் கதையில் “2030, செப்டம்பர், முத்தோரை” போன்ற குறிப்பைத் தலைப்பாக வைக்காமல் தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் வையுங்கள். வழிகாட்டுவது அதன் வேலை. தலைப்பின் வேலை வேறு. இரண்டையும் ஒரே வரியில் திணித்தால் வாசகர் பாதியைத் தாண்டிக் குதிப்பார்.

எண் ஒழுங்கு ஒன்றை வைத்தால் அது ஓரிடத்தில் உடைய வேண்டும். தொலைநோக்கியின் 24 சட்டங்களுக்கு 24 அத்தியாயம், “சட்டம் 1”, “சட்டம் 2” என்று போகலாம். 17ஆம் சட்டம் பழுதாகும் இடத்தில் அத்தியாய எண்ணே காணாமல் போனால் அந்த ஒழுங்குக்கு அர்த்தம் உண்டு. கடைசிவரை ஒழுங்காகவே போகும் ஒழுங்கு வெறும் அலங்காரம்.

10. பொருளடக்கச் சோதனை

இறுதித் தலைப்புகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முதலில் நீங்களே பாருங்கள்: ஒரே இலக்கண வார்ப்பு மூன்றுக்குமேல் இருக்கக்கூடாது, அடுத்தடுத்த இரண்டு தலைப்பு ஒரே ஓசையில் முடியக்கூடாது, கசிவுப் பட்டியலோடு ஒவ்வொரு சொல்லையும் ஒப்பிடுங்கள். தனித்தனியே அழகாக இருந்தவை வரிசையில் நிற்கும்போது சண்டை போடும். “நீர்ப்பனி” 3இலும் “உறைபனி” 4இலும் வந்தால் வீணாகிவிடும். ஒன்றை 3இலும் மற்றொன்றை 19இலும் வைத்தால், குளிர் இறுகிக்கொண்டே போவதை வாசகர் உணர்வார்.

அடுத்து, நாவலைப் படிக்காத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்து, என்ன கதையாக இருக்கும் என்று கேளுங்கள். ஊரையும் சூழலையும் சொன்னால் சரி. முடிவைச் சொன்னால், எந்தத் தலைப்பு காட்டிக்கொடுத்தது என்று அவரிடமே கேட்டு மாற்றுங்கள்.

மூன்றாவதாக, படித்து முடித்த இன்னொருவரிடம் தலைப்பு அட்டைகளைக் கலைத்துக் கொடுத்து, எது எந்த அத்தியாயம் என்று அடுக்கச் சொல்லுங்கள். 24இல் 18 சரியாக அமைந்தால் நல்லது. இடம் மாறி அடுக்கிய தலைப்புகள் எங்கும் பொருந்துபவை, அவற்றுக்கு மட்டும் 6ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். நண்பர்தான் என்பதற்காக அவர் தப்பாக வைத்ததற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். புத்தகக்கடையில் பக்கத்தில் நின்று விளக்க முடியாது.

11. தட்டச்சும் திருத்தமும்

தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடாமல், எழுதும் மென்பொருளில் தலைப்புப் பாணியைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் பொருளடக்கம் தானாக உருவாகும்; மின்னூலில் தொட்டால் அத்தியாயத்துக்குப் போகும். கோப்பைக் கைப்பேசியில் திறந்து, எந்தத் தலைப்பு இரண்டாம் வரிக்கு உடைகிறது என்று பாருங்கள். ஒற்றை எழுத்தோ ஒற்றைச் சொல்லோ கீழே தொங்கினால் தலைப்பைச் சுருக்குங்கள். தலைப்பின் முடிவில் முற்றுப்புள்ளி வேண்டாம். ஆச்சரியக்குறி வேண்டவே வேண்டாம்.

பதிப்பாசிரியர் இரண்டு அத்தியாயங்களை ஒன்றாக்கச் சொன்னால், இரண்டு தலைப்பையும் ஒட்டவைக்காதீர்கள். புது அட்டை எடுத்து மூன்று வரியையும் மறுபடி எழுதுங்கள். மாற்றம் இப்போது வேறாக இருக்கும். ஓர் அத்தியாயம் இடம் பெயர்ந்தாலும் கசிவுப் பட்டியலில் உள்ள எண்களை அன்றே திருத்துங்கள். கழித்த தலைப்புகளோடு பழைய அட்டைகளையும் கிளிப் போட்டு எடுத்துவையுங்கள். 9க்குத் தோற்ற “அப்புறமும் கேக்குதுங்க” 23க்குக் கச்சிதமாகப் பொருந்தக்கூடும்.